பரிமாறுகிறவர் எங்கே சாப்பிடுகிறார்?

“நீங்க எங்க சாப்பிடுவீங்க?” என்று வாத்தியார் கேட்டதும், பரிமாறுகிறவரின் கையிலிருந்த குழம்புக் கரண்டி அந்தரத்தில் அப்படியே நின்றது.

“என்ன சார்?”

“இல்லப்பா, மத்தியானம் உங்க சாப்பாடு எங்கன்னு கேட்டேன்.”

“எனக்கா? நான் அந்தப் பக்கம், நாலு கடை தள்ளி, மஞ்சள் போர்டு போட்டிருக்கும் பாருங்க, அங்க.”

“ஏன், இங்கயே சாப்பிட்டா என்ன?”

“ஐயோ, இங்க சாப்பிட மாட்டோம் சார்!” என்று பதறினார் அவர். அதற்குள் மூலை மேசையிலிருந்து யாரோ “சோறு!” என்று குரல் கொடுக்க, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

வாத்தியார் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்த ‘ஐயோ’ ஒன்றே அவருக்குப் போதுமாயிருந்தது. எதிரே அவருடைய மனைவி எதையும் காதில் வாங்காமல் கத்தரிக்காய் வறுவலை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதும், எழுந்திரு.”

“ஏன்? நல்லாத்தானே இருக்கு.”

“உனக்கு நல்லா இருக்கும். பரிமாறறவனே இங்க சாப்பிட மாட்டானாம்.”

சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்தார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் ‘நீலப் போர்டு, பஸ் நிலையத்துக்கு எதிரில்: 7’ என்று எழுதி வைத்திருந்தார். ஏழு என்பதை அடித்துவிட்டு நாலு போட்டார். இருபத்திரண்டு வருடமாகக் கணக்குப் பாடத்தில் விடைத்தாள் திருத்தும் கை அது. பத்துக்கு எத்தனை என்று எழுதாமல் அவரால் ஒரு வாழைப்பழத்தைக்கூட உரிக்க முடியாது.

அவர் இந்தத் தெற்கத்தி நகரத்துக்கு வந்ததே இதற்காகத்தான். மறுநாள் காலை ரயிலில் மனைவி வீட்டு ஆட்கள் ஒன்பது பேர் வந்து இறங்குகிறார்கள். இவர்களோடு சேர்த்துப் பதினோரு பேர். நாலு நாள் சுற்றிப் பார்க்கும் திட்டம். போன வருடம் இதே மாதிரி வேறொரு ஊருக்குப் போனபோது, “எனக்குத் தெரிஞ்ச இடம், வாங்க” என்று வாத்தியார் அழைத்துப்போன ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு மாமனார் இரண்டு நாள் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. ஆறு பேருக்கு வயிறு கலங்கிப்போயிற்று. அன்றைக்குச் சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், தன் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு மாத்திரை எடுத்துக் கொடுத்தார். சகலை மருந்துக் கடை வைத்திருப்பவர். “பாவம், தம்பிக்கு இதெல்லாம் பழக்கமில்ல” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அந்தச் சிரிப்புதான் வாத்தியாருக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

அதோடு போயிற்றா? இந்த முறை கிளம்புவதற்கு முன் மாமனார் தீர்ப்பே சொல்லிவிட்டார். “சின்ன மாப்பிள்ளைக்குக் கடைசியா ஒரு சான்ஸ். இந்தத் தடவையும் சொதப்பினா, இனிமே எங்க போனாலும் எது சாப்பிடறதுன்னு பெரிய மாப்பிள்ளைதான் முடிவு பண்ணுவார்.” நினைத்துப் பார்க்கவே வாத்தியாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாழ்நாள் முழுக்கச் சகலை கைகாட்டும் மேசையில் உட்கார்ந்து, சகலை சொல்வதை வாங்கித் தின்ன வேண்டும். அதனால்தான் ஒரு நாள் முன்னதாகவே மனைவியையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஒரு கடையின் பெயரைச் சொல்ல வந்தாள். “வேண்டாம்மா” என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவளுக்குக் கமிஷன் இருக்கும். செல்போனில் வரும் நட்சத்திரங்களையும் அவர் நம்பவில்லை. அதெல்லாம் கடைக்காரனின் மச்சினன் உட்கார்ந்து போடுவது என்பது அவர் கட்சி. அவரிடம் சொந்தமாக ஒரு சூத்திரம் இருந்தது. புது ஊரில் நல்ல சாப்பாடு, கட்டுபடியாகும் விலையில் வேண்டுமென்றால், பரிமாறுகிறவன் எங்கே சாப்பிடுகிறான் என்று கேள். அவனுக்கு ருசியும் தெரியும், தன் பையின் கனமும் தெரியும்.

நீலப் போர்டு கடையில் ஒரே ஒரு சிக்கல். கேட்பதற்கு முன்னாலேயே, இடம் போய்விடுமோ என்று, நாளை ஒரு மணிக்குப் பதினோரு சாப்பாடு சொல்லிவிட்டிருந்தார். இப்போது அதை ரத்து செய்ய வேண்டும். கல்லாவில் இருந்த கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் சார், சாப்பாடு பிடிக்கலையா?”

உண்மையைச் சொன்னால் அந்தப் பரிமாறுகிறவருக்கு வேலை போய்விடும். வாத்தியாருக்கு இரக்க மனசு. “சே சே, அதெல்லாம் இல்ல. மாமனாருக்குத் திடீர்னு உடம்பு சரியில்ல. வர்றது சந்தேகம்.”

“அடடா” என்று கண்ணாடிக்காரர் நோட்டில் ஒரு கோடு இழுத்தார்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: “எங்கப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கார். அவரை எதுக்கு இழுக்கறீங்க?”

“அவசரத்துக்கு வேற யாரும் ஞாபகத்துக்கு வரல.”

மஞ்சள் போர்டு கடை துணிக்கடைக்குக் கீழே இருந்தது. “இப்பதானே சாப்பிட்டோம்?” என்றாள் மனைவி வாசலிலேயே நின்று.

“அது சாப்பாடு இல்ல, சோதனை.”

ஒரு சாப்பாடு வாங்கி இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். இங்கேயும் கத்தரிக்காய். இந்த ஊர்ச் சந்தையில் இன்றைக்குக் கத்தரிக்காய் மலிவு போலிருக்கிறது என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். ஆனால் என்ன வித்தியாசம்! குழம்பை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். “பாத்தியா? அங்க புளி தூக்கலா இருந்துது. இங்க அளவா நிக்குது.”

“இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றாள் மனைவி.

“உன்கிட்ட எதைக் கேட்டாலும் நல்லாருக்கும்ப. உன் நாக்கைக் கழற்றி வெச்சுட்டா வந்தே?”

நோட்டில் எட்டு என்று எழுதினார். கல்லாவுக்குப் போய்ப் பதினோரு சாப்பாடு சொன்னார். திரும்பி வரும்போது, சும்மா ஒரு மன நிம்மதிக்காக, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நரைத்த தலைக்காரரிடம் கேட்டார்: “அண்ணே, நீங்க இங்கதானே சாப்பிடுவீங்க?”

“நானா? இங்க இல்ல. சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்துல பச்சைப் போர்டு.”

வாத்தியாருக்கு மூக்கில் வேர்த்தது. “ஏன்ணே, இங்க என்ன குறை?”

நரைத்த தலை கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. கல்லாக்காரர் தொண்டையைச் செருமினார். “வேலை நேரத்துல பேசக் கூடாது சார்” என்று நரைத்த தலை நகர்ந்துவிட்டது.

அந்தப் பார்வை, அந்தச் செருமல். இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார் வாத்தியார். எட்டு, ஐந்தரை ஆயிற்று. பதினோரு சாப்பாடு மறுபடி ரத்து. மாமனாருக்கு மறுபடி உடம்பு சரியில்லை. இந்த முறை கொஞ்சம் கனமாகச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று “ஆஸ்பத்திரியில சேத்திருக்கு” என்று சேர்த்துக்கொண்டார்.

“இன்னும் எத்தனை கடைங்க?” தெருவில் மனைவி செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்தாள். புதுச் செருப்பு கடித்திருந்தது.

“உனக்கு ஆசையா இல்லையா? இந்த ஊர்க்காரன் எங்கதான் சாப்பிடறான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?”

“எனக்கு உக்காரணும்னுதான் ஆசையா இருக்கு.”

வாத்தியாருக்கு அப்படியில்லை. மண்டையைக் குடைந்தது. சகலை, மாமனார் எல்லாம் கொஞ்ச நேரம் பின்னுக்குப் போய்விட்டார்கள். ஒரு கணக்கு ஒரு படியில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறபோது அவருக்கு வரும் அதே அரிப்பு. ஒருவன் நாள் முழுக்கச் சோற்று வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, பசிக்கும்போது அதைக் கீழே வைத்துவிட்டு வெயிலில் நடந்து இன்னொரு கடைக்குப் போகிறான் என்றால், அங்கே எதுவோ இருக்கிறது. அது என்ன என்று தெரியாமல் அவரால் தூங்க முடியாது.

பச்சைப் போர்டு கடையில் அவர்கள் காலை வைத்ததும் கல்லாவில் இருந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“வாங்க சார். மாமனாருக்கு இப்ப எப்படி இருக்கு?”

வாத்தியார் அப்படியே நின்றார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

“உங்களுக்கு… எப்படித் தெரியும்?”

“சொன்னாங்க சார். வெளியூர்க்காரங்க ரெண்டு பேரு, கையில நோட்டு, மாமனாருக்குச் சீரியஸ்னு. டாக்டர் என்ன சொல்றார்?”

இந்த இடத்தில் சாதாரண மனிதன், “குணமாகிவிட்டது” என்று சொல்லிக் கதையை முடித்திருப்பான். வாத்தியார் முழித்த முழியில் வேறு வார்த்தை வந்து விழுந்தது. “இன்னும் கண்ணு முழிக்கல.”

அம்மாள் “ச்சொ ச்சொ” என்றாள். சாப்பிட உட்கார்ந்ததும் மனைவி மேசைக்கு அடியில் அவர் தொடையில் கிள்ளிய கிள்ளில் கத்தரிக்காய் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஆமாம், இங்கேயும் கத்தரிக்காய்தான்.

“எவ்வளவு நல்ல ஜனங்க பாத்தியா” என்றார் வாத்தியார், தண்ணீர் குடித்து முடித்தபின். “அடுத்தவன் வீட்டு மாமனாருக்கு எவ்வளவு கவலைப்படறாங்க.”

“அப்பா கண்ணு முழிக்கலையா? காலையில போன்ல அரை மணி நேரம் கத்தினாரே, அது யாரு?”

பச்சைக்கு ஆறரை. இங்கே அவர் முன்ஜாக்கிரதையாகச் சாப்பாடு சொல்வதற்கு முன்பே கேட்டிருக்கலாம். ஆனால் அந்த அம்மாளே முந்திக்கொண்டு, “நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரிக்கும் இங்கயும் அலைய வேண்டாம், பதினோரு சாப்பாடு நான் குறிச்சு வெச்சுடறேன்” என்று எழுதிவிட்டாள். அதை ரத்து செய்ய, மாமனாரை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பரிமாறிய பெண் கைகாட்டிய இடம் மேம்பாலத்துக்குக் கீழே சிவப்புப் போர்டு.

சிவப்புப் போர்டு கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. வாத்தியாரின் இடுப்புப் பெல்ட் கடைசி ஓட்டைக்கு வந்திருந்தது. மூச்சை இழுத்து விட்டால் குழம்பு வாசனை வந்தது. கல்லாக்காரர் இவரைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில், “எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாத்தியிருக்கீங்க?” என்று கேட்டார். வாத்தியார் ஒரு ஊரைச் சொன்னார். அந்த ஊரில் தனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார் என்று கல்லாக்காரர் போனை எடுத்தார். அவரைத் தடுத்து நிறுத்துவதற்குள் வாத்தியாருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தக் கலவரத்திலேயே பதினோரு சாப்பாடு சொல்லி, அந்தக் கலவரத்திலேயே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இருந்தும் கடமையில் தவறவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டு, ‘வறுவலில் பதம் இருக்கிறது’ என்று எழுதி எட்டு போட்டார்.

“கடைசியா ஒரே ஒரு கேள்வி” என்றார் பரிமாறியவரிடம். குரலில் கெஞ்சல் வந்திருந்தது. “நீங்க எங்க சாப்பிடுவீங்க?”

“நாங்களா? பின்னாடி சந்துல ஒரு தகரக் கொட்டகை இருக்கு சார். போர்டெல்லாம் கிடையாது.”

போர்டு கிடையாது! வாத்தியாருக்கு உடம்பு சிலிர்த்தது. ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் கனவு காண்பது இந்த வார்த்தைக்காகத்தான். “கிளம்பு” என்றார். மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பின்னால் நடந்தாள்.

சந்தின் கடைசியில் தகரக் கூரையின் கீழ் ஆள் உயர அடுப்பு ஒன்று அணைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நாலு பேர் உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போல ஓர் அண்டா. ஒரு மரப் பெஞ்சு. பெஞ்சில் தோளில் துண்டு போட்ட சமையல்கார அம்மாள் ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சமைத்தவளே, தான் சமைத்ததை, சமைத்த இடத்தில்! வாத்தியாரின் சூத்திரத்துக்கு இதற்கு மேல் நிரூபணம் வேண்டியதில்லை.

“அம்மா, ஒரு வாய் கிடைக்குமா?”

“அடி வண்டல்தான் இருக்கு, ஆறிப்போச்சு. பரவாயில்லையா?”

சில்லென்று ஆறிப்போன சோறு, குழம்பு, நாலு துண்டு கத்தரிக்காய். வாத்தியார் வாயில் வைத்தார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் திறக்கவேயில்லை. திறந்தபோது அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது.

“இதுதான்” என்றார் மனைவியிடம். “இதைத்தான் தேடினேன். இந்தக் கைப்பக்குவம் அந்த நாலு பேருக்கும் ஏழு ஜென்மத்துக்கு வராது.”

மனைவியும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டாள். அவள் எதுவோ சொல்ல வந்தாள். ஆனால் வாத்தியார் அதற்குள் நோட்டில் ஒன்பதரை என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார். அவர் கையால் ஒன்பதரை வாங்கியவர்கள் இந்த உலகத்தில் அதுவரை யாரும் இல்லை. உடனே சகலைக்குப் போன் போட்டார். சகலையின் குரல் இறங்குவதை மனைவியும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“சொல்லுங்க தம்பி” என்றது சகலையின் குரல். “இடம் பாத்தாச்சா, இல்ல மாத்திரைப் பெட்டியை எடுத்து வைக்கட்டுமா?”

“பெட்டியைப் பூட்டி வைங்கண்ணே. அஞ்சு கடை ஏறி இறங்கியிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டிருக்கேன், கேளுங்க.” தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தார். “நீலப் போர்டு, நாலு. புளி தூக்கல், வாயில வைக்க முடியாது, மாட்டுக்குத்தான் வைக்கலாம். மஞ்சள், அஞ்சரை. புளி பரவாயில்ல, உப்புல கவனம் போதாது. பச்சை, ஆறரை. கை இருக்கு, மனசு இல்ல. சிவப்பு, எட்டு. வறுவல் பதம் தெரிஞ்ச ஆளு. இப்ப நான் நிக்கற இடம், ஒன்பதரை! போர்டே கிடையாது. விலையும் கம்மி. உங்க செல்போன் நட்சத்திரத்துல இதைக் கண்டுபிடிக்க முடியாது.”

பதிலுக்குப் போனில் கேட்டது மாமனாரின் குரல். பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“மாப்பிள்ளே! பலே! இவ்வளவு நுணுக்கமான நாக்கை இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? பெரியவரே, இனிமே சாப்பாட்டு விஷயத்துல நீங்க தலையிடாதீங்க, சின்னவர் பாத்துப்பார்.”

“சரிங்க மாமா” என்றது சகலையின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. வாத்தியார் பெஞ்சின் மேலேயே ஏறி நின்றிருப்பார், வயிறு மட்டும் இடம் கொடுத்திருந்தால். கல்யாணம் ஆன பதினாறு வருடத்தில் மாமனார் அவரை ‘பலே’ என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

சமையல்கார அம்மாள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மூடி போட்ட ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள்.

“இந்தாங்க சார், பெரியவருக்குக் கஞ்சி. கண்ணு முழிச்சதும் ரெண்டு வாய் ஊத்துங்க. பாவம், ஊர் விட்டு ஊர் ஆஸ்பத்திரி மாத்தறீங்களாமே.”

“யாருக்குக் கஞ்சி?” என்றது போன்.

வாத்தியார் போனை அணைக்கப் பார்த்தார். குழம்புக் கை வழுக்கியது.

“யாருக்கு ஆஸ்பத்திரி?” என்றது போன், இன்னும் உரக்க.

மனைவிக்குத்தான் நிதானம் இருந்தது. மத்தியானத்திலிருந்து அவளுக்கும் அந்த ஒரு விஷயம் புரியவில்லை. “ஏம்மா, எங்கப்பா விஷயம் உங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரா? பதினோரு சாப்பாடு போடு, பதினோரு சாப்பாடு வேண்டாம், மாமனாருக்கு முடியலன்னு மத்தியானத்துலேர்ந்து நாலு கடைக்காரங்களும் மாத்தி மாத்திப் போன் பண்ணிட்டே இருக்காங்களே!”

“நாலு கடைக்காரங்களும் உங்களுக்கு எதுக்குப் போன் பண்ணணும்?” என்றார் வாத்தியார். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவரால் முடியாது. போனின் அந்தப் பக்கம் ஒன்பது பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நாலு போர்டுக்கும் ஒரே முதலாளியம்மாதானே சார், நாலுக்கும் இந்த அண்டாவிலேர்ந்துதானே போகுது, வேலை பாக்கற கடையிலயே உக்காந்தா ஆளுங்க அள்ளி அள்ளிப் போட்டுக்கறாங்கன்னு அவங்க ஒரு சட்டம் போட்டாங்க, அதிலேர்ந்து எல்லாரும் ஒரு கடை தள்ளிப் போய் இதே சோத்தைத்தான் சாப்பிட்டுட்டு வர்றாங்க!”